‘ஹீ’ என்றால் எல்லோரும் அடக்கமா?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஆங்கிலத்தில் எழுதிய வாடகை ஒப்பந்தம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குடியிருப்பவர் பெரும்பாலும் ‘ஹீ’தான்; அவர் வண்டி ‘ஹிஸ்’ வண்டிதான். கையெழுத்துப் போடுவது ஒரு பெண்ணாக இருந்தாலும் வாசகம் மாறுவதில்லை. கேட்டால், “அதுல லேடீஸும் அடக்கம்தாங்க” என்று பதில் வரும்.

நம்பிக்கை: ‘ஹீ’ என்றால் பெண்ணும் சேர்த்திதான், சட்டமே சொல்கிறது.

உண்மை: சொல்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 8ஆம் பிரிவில் அப்படித்தான் இருந்தது; 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம் 13ஆம் பிரிவில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 1916இல் சட்டம் படித்த ரெஜினா குஹா, வழக்கறிஞராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தபோது என்ன நடந்தது? ஆண்பாலில் பெண்பாலும் அடங்கும் என்ற விதி இருந்தும், இந்தத் தொழில் ஆண்களுக்கென்றே வகுக்கப்பட்டது என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதி. பெண்கள் வழக்காடலாம் என்று 1923இல் தனிச்சட்டமே போட வேண்டியதாயிற்று. தண்டனை என்றால் ‘ஹீ’க்குள் பெண் இருந்தாள், உரிமை என்றதும் வெளியே நிறுத்தப்பட்டாள்.

1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களுக்கு இந்த ஆபத்து புரிந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்த பெண்கள் குழு, பிரதிநிதித்துவ விதிகள் பெண்களை ஒதுக்காதபடி அமைய வேண்டும் என்று கேட்டது. ‘அடக்கம்தானே’ என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ‘ஹீ’ என்பது ஆண், பெண், திருநர் மூவரையும் குறிக்கும். பட்டியல் நீண்டது நல்லதுதான். சொல் மட்டும் இன்னும் ‘ஹீ’யாகவே நிற்கிறது.

நம்பிக்கை: ‘ஹீ’க்குப் பதிலாக ஒருவரை ‘தே’ (they) என்பது இலக்கணப் பிழை, இப்போது வந்த மோஸ்தர்.

உண்மை: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதற்குக் காட்டும் பழைய சான்று 1375ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினும் இப்படித் தயங்காமல் எழுதினார். தவறு என்ற கண்டிப்பு 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களுக்குப் பிறகுதான் வலுத்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு 2019இல் இதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டது.

தமிழ் வாசகருக்கு இதில் திகைக்க ஒன்றுமே இல்லை. ‘டாக்டர் வந்துவிட்டார், அவரைப் பாருங்கள்’ என்கிறோம். டாக்டர் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. ‘அவர்’ ஒரு காலத்தில் பன்மை. ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண முறைப்படி வந்ததல்ல, வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியமே பதிவு செய்திருக்கிறது.

நம்பிக்கை: அப்படியானால் வரிக்கு வரி ‘ஹீ ஆர் ஷீ’ போட வேண்டும்.

உண்மை: வேண்டாம். அது வாசிப்பவரைக் களைப்பாக்கும். திருநர் பலரை வெளியிலும் விட்டுவிடும். ‘எவ்ரி டெனன்ட் ஷல் பார்க் ஹிஸ் வெஹிக்கிள்’ என்பதைப் பன்மையாக்கி ‘டெனன்ட்ஸ் ஷல் பார்க் தேர் வெஹிக்கிள்ஸ்’ என்றால் வேலை முடிந்தது. பல இடங்களில் ‘தி வெஹிக்கிள்’ என்பதே போதும். பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் தமக்கு எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதைத்தான் போட வேண்டும்; தெரியாவிட்டால் கேட்டுவிடலாம். அவர் ‘தே’ என்று சொன்னால், ஆள் ஒருவரே என்றாலும் வினை ‘தே ஆர்’தான், ‘தே இஸ்’ அல்ல.