கம்பு சுற்றினால் கர்ப்பப்பை இறங்காது

"வயசுக்கு வந்த பிள்ளை கம்பு சுத்துனா கர்ப்பப்பை இறங்கிரும் சிஸ்டர்." மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. ஆறாம் வகுப்பில் ஆசையாகச் சிலம்பத்தில் சேர்ந்த பெண்ணை எட்டாம் வகுப்பில் நிறுத்திவிடுகிறார்கள். யார் சொன்னது என்றால் பக்கத்து வீட்டு ஆச்சியாம். ஆச்சிக்கு யார் சொன்னது? அதற்குப் பதில் இல்லை.

பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கேளுங்கள். கர்ப்பப்பை இறங்குவது உண்மையான நோய்தான். அடுத்தடுத்த பிரசவங்கள், நெடுநேரம் நீண்ட பிரசவ வலி, தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், வருடக்கணக்கில் பளு தூக்குவது, மாதவிடாய் நின்றபின் வரும் தசைத் தளர்ச்சி ஆகியவைதான் அதற்குக் காரணம். பிள்ளை பெறாத 13 வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை இடுப்புக்கூட்டின் ஆழத்தில் இருக்கிறது. தசைநார்களும் அடியில் உள்ள தசைகளும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. இலேசான ஒரு கம்பு அதை எப்படி இறக்கும்? அதே பிள்ளையைக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கவிடும்போது இந்தக் கவலை எங்கே போகிறது?

இந்தக் கடற்கரையில் இப்படிப் பேசுவதுதான் எனக்கு ஆத்திரம். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுக்கிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுத்து வருகிறார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத்தானே கம்பு ஆகாது என்கிறீர்கள்? 1730இல் பிறந்த ராமநாதபுரத்து இளவரசி வேலு நாச்சியார் போர்க்கலை பயின்றே வளர்ந்தார்; மகள் வெள்ளச்சியையும் பெற்றார். அவர் சிலைக்கு மாலை போடுகிற கை, சொந்த மகளிடமிருந்து கம்பைப் பிடுங்கலாமா?

வெளிநாட்டிலும் இதே கதை நடந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துச் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அதன்பின் 1960 ரோம் ஒலிம்பிக் வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லை.

மாதவிடாய் நாட்களில் கம்பைத் தொடக்கூடாதா? தொடலாம். உடம்பு அசைந்தால் பலருக்கு வலி குறையும். முடியாத அன்று படுத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான். கனமான கம்பில் பழகினால் சீக்கிரம் பலம் வருமா? வராது, மணிக்கட்டு வீங்கும். தொடங்குகிறவருக்கு நெற்றி உயரத்தில் இலேசான கம்பு போதும். முதல் வாரமே வேகமாகச் சுற்றச் சொல்லாமல் காலடியில் நிறுத்துகிற வாத்தியாரிடம் பிள்ளையை விடுங்கள். 40 வயதுக்கு மேலும் தொடங்கலாம், பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு. சிலம்பத்துக்கு எதிர்காலம் இல்லை என்பவர்களுக்கு: 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒருவரும் பயப்படுவதில்லை. பயிற்சியில் ஒரு பெண் கிறுகிறுத்து உட்கார்ந்தால் உடனே கம்பின் மேல் பழி விழுகிறது. கண் இமையை இழுத்துப் பாருங்கள், பல பிள்ளைகளுக்கு உள்ளே வெளுத்திருக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வாந்தி வரும், கறுத்துப்போவோம் என்று பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிகிறார்கள். மாத்திரையால் யாரும் கறுப்பதில்லை. மலம்தான் கறுப்பாகப் போகும், அதில் கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் போடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டலும் குறையும். கூடவே ஒரு நெல்லிக்காய் கொடுங்கள். டீ மட்டும் உடனே வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.