ஆயில் மாற்றியதும் எஞ்சினில் சத்தம்: நஷ்ட ஈடு கிடைக்குமா?

கேள்வி: என்னுடையது ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார். சொந்த உபயோகம்தான், வாரன்டி முடிந்துவிட்டது. சென்ற மாதம் வீட்டுக்கு அருகில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். ரூ.3,800 ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று டேப்பட் சத்தம். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “புது ஆயில் சார், செட் ஆக நாலு நாள் ஆகும், தாராளமா ஓட்டுங்க” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. கோவை போய்த் திரும்புவதற்குள் சத்தம் கனத்து ‘டக் டக்’ என்று இடிக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டரில் நிற்கிறது. பேரிங் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், ரூ.85,000 ஆகும் என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்காரரோ, “வண்டி பழசு, நான் என்ன பண்றது?” என்கிறார். அவர் மீது வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: போடலாம். காசு கொடுத்து வேலை வாங்கிய நீங்கள் நுகர்வோர். கவனக்குறைவாகச் செய்த வேலை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவுப்படி சேவைக் குறைபாடு. ஆனால் ஜெயிப்பது வேறு விஷயம். குறைபாட்டை நிரூபிக்கும் சுமை புகார்தாரர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆயில் மாற்றிய பிறகு சத்தம் வந்தது என்பது வேறு, ஆயில் மாற்றியதால் வந்தது என்பது வேறு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த இடைவெளியில்தான் நிற்பார்.

உங்கள் கையில் இருக்கும் எஸ்டிமேட் அந்த இடைவெளியை நிரப்பாது. எதை மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று அது சொல்லும். ஏன் கெட்டது என்று சொல்லாது. போதாக்குறைக்கு, அதைக் கொடுத்தவர் அந்த ரிப்பேரைச் செய்து காசு வாங்கப் போகிறவர். எஞ்சினைப் பிரித்து, பழைய ஆயிலைக் கொட்டி, தேய்ந்த பேரிங்கை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டால் உங்கள் வழக்கும் அதோடு போயிற்று. என்னிடம் வருகிறவர்களில் பலர் வண்டியைச் சரிசெய்து, ஓட்டிக்கொண்டே வருகிறார்கள்!

எனவே முதல் வேலை, ‘என் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எஞ்சினைத் திறக்க வேண்டாம்’ என்று சர்வீஸ் சென்டருக்கு ஒரு மின்னஞ்சல். அடுத்து, இன்ன தேதியில் சோதனை நடக்கிறது, நேரில் வந்து பார்க்கலாம் என்று ஒர்க்‌ஷாப்காரருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ். அவர் வராவிட்டாலும் பரவாயில்லை. பிறகு ‘எனக்குத் தெரியாமல் பிரித்தார்கள்’ என்று சொல்ல முடியாது. இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒருவரை, உரிமம் பெற்ற வாகன சர்வேயரையோ ஆட்டோமொபைல் பொறியாளரையோ, உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டணத்தை நீங்கள்தான் முதலில் தர வேண்டும். அதைச் செலவாகப் பார்க்காதீர்கள். உங்கள் வழக்கே அந்த அறிக்கைதான்.

அவர் எதைப் பார்க்க வேண்டும்? டிப்ஸ்டிக் அளவை வீடியோ எடுக்கட்டும். ஆயிலை வடித்து லிட்டர் கணக்கில் அளக்கட்டும். கசிவும் இல்லை, புகையும் இல்லை, ஆனால் மேனுவல் சொல்லும் அளவில் பாதிதான் இருக்கிறது என்றால் குறைவாக ஊற்றியிருக்கிறார்கள் என்ற வாதம் வலுக்கும். அதிகமாக ஊற்றினாலும் ஆயில் நுரைத்து அழுத்தம் குறையும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் பூட்டி ஆயில் கசிவது ஒர்க்‌ஷாப்களில் நடக்கிற தவறுதான். ஜீரோ டபிள்யூ 20 கேட்கும் எஞ்சினில் 20 டபிள்யூ 50 ஊற்றியிருந்தால், மேனுவலின் அந்தப் பக்கமே உங்கள் சாட்சி. கொஞ்சம் ஆயிலை சுத்தமான பாட்டிலில் சீல் வைத்து, ஃபில்டரோடு பத்திரப்படுத்துங்கள்.

பில் இல்லையே என்று கவலை வேண்டாம். ஜிபே பதிவு போதும். பில் தராததே அதே நுகர்வோர் சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. அதைவிடப் பெரிய சொத்து அந்த வாய்ஸ் மெசேஜ். மறுநாளே புகார் செய்தீர்கள், ஓட்டச் சொன்னது அவர்தான் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். கோவைப் பயணத்தில் சிவப்பு ஆயில் லைட் எரிந்ததா? எரிந்தும் ஓட்டியிருந்தால், சேதத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. தொகை குறையலாம். அதை மறைத்து எழுத வேண்டாம், குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மற்ற எல்லாமும் கெடும்.

சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும். மனு போடுவதற்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள், சிலர் அதிலேயே இறங்கி வருவார்கள். ஏழு வருட வண்டிக்குப் புது எஞ்சின் கேட்காதீர்கள். ரிப்பேர் செலவு, சோதனைக் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவு போதும். ஏமாற்றும் எண்ணம் இல்லாத கவனக்குறைவு என்பதால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவதில் பயனில்லை. வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசியும் இயந்திரக் கோளாறை ஏற்காது.

ஒர்க்‌ஷாப்காரர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “கொண்டு வாங்க, நானே இலவசமாகச் சரிசெய்து தருகிறேன்” என்று சொன்னால், சோதனை அறிக்கை கையில் வந்த பிறகே வண்டியைக் கொடுங்கள். அதுவும் அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.