பிள்ளைகளுக்குத் தீயைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள்



2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையற்கட்டுக் கூரையில் பிடித்த தீ, மாடியில் வகுப்பு நடந்த கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. மாடிப்படியோ குறுகல். 94 குழந்தைகள் மாண்டு போயின. பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. ஆனால் நம் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் கூரை வீடுகள் உண்டே!

கடலை பிடுங்கும் நாளில் நீங்கள் இருவரும் விடிந்ததும் கழனிக்குப் போய்விடுகிறீர்கள். பத்து வயசுப் பெண் தம்பிக்குச் சோறு பொங்குகிறாள். கூடாது என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். காலையிலேயே ஆக்கி வைத்துவிட்டுப் போகப் பாருங்கள். முடியாத நாளில் அவள் பருத்தித் துணி உடுத்தி, துப்பட்டாவை அவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பண்டை போகட்டும். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது.

சின்னப் பிள்ளைகள் தீயைக் கண்டால் ஓடாமல் ஒளிந்துகொள்வதுண்டு. தீக்குச்சி உரசியது தானே என்றால் கேட்கவே வேண்டாம். அடி விழும் என்று கட்டிலடியிலோ குதிருக்குப் பின்னாலோ பதுங்கிவிடும். ஆகையால் தகப்பனார் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "தப்பு பண்ணியிருந்தாலும் அடிக்க மாட்டேன், வெளியே ஓடியாந்துடு." சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

ஒரு சாயங்காலம் குடும்பத்தோடு பழகிப் பாருங்கள். புகை மேலே நிற்கும். தரையோரம்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும். கண்ணை மூடித் தவழ்ந்தே வாசலுக்கு வரட்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே இருக்கும், இருக்கட்டும். எல்லோரும் தெருவில் ஒரே மரத்தடியில் கூடித் தலையை எண்ணுங்கள். புத்தகப் பைக்கோ ஆட்டுக்குட்டிக்கோ திரும்ப உள்ளே போகக் கூடாது.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, முகத்தைக் கையால் மூடி, தரையில் படுத்து உருள வேண்டும்.

வளர்ந்த பையன்கள் கார்த்திகைக்கு மாவளி சுற்றுவதைத் தடுக்க வேண்டாம். வைக்கோற்போர், கூரை இல்லாத வெட்டவெளியில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு சுற்றட்டும்.

சுட்ட இடத்தில் இங்க், மாவு, பற்பசை எதுவும் தடவாதீர்கள். வளையல், கொலுசை உடனே கழற்றி, 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. ஊர்ப் பெயர், தெரு, பக்கத்துக் கோயில் அடையாளம் மூன்றையும் பிள்ளை தடுமாறாமல் சொல்ல வேண்டும். செல்போன் உங்களோடு கழனிக்கு வந்துவிடும். பகலில் எந்த வீட்டில் போன் இருக்கும் என்பதையும் காட்டி வையுங்கள்.