சரளைப் பாதையில் மிதிவண்டி
டூன் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் அறிவியல் நோக்கு

மிதிவண்டியை அறியாத தமிழ் மாணவர் நம்முள் எவரும் இரார். பள்ளிக்கூடத்திற்கும் கடைத்தெருவிற்கும் அதில் சென்று வளர்ந்தவர்களே நாம். ஆயினும் தார் காணாத சரளைப் பாதையில், ஆற்றோரமாகவும் காட்டோரமாகவும் நெடுந்தொலைவு மிதிவண்டியில் செல்வது இன்று தனியொரு விளையாட்டாக வளர்ந்திருப்பதைப் பலர் அறிந்திலர். ஆங்கிலத்தில் இதனை ‘கிராவல் பைக்கிங்’ என்பர். நாம் சரளைப் பயணம் எனலாம். நாம் படிக்க வந்திருக்கும் இந்த டூன் பள்ளத்தாக்கு இப்பயணத்திற்கென்றே அமைந்தது போன்ற நிலம். இதன் கற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றின்மீது சக்கரம் எங்ஙனம் உருளுகிறது, எங்கே நாம் நின்றுவிட வேண்டும் என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பழைய பாதைக்குத் திரும்புதல்

இவ்விளையாட்டின் பெயர் புதிது; பொருள் பழையது. 1888ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைப் பொருத்தினார். கரடுமுரடான பாதையின் அதிர்ச்சியைக் குறைப்பதே அதன் நோக்கம். 1903இல் முதன்முதல் நடந்த ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தில் வீரர்கள் ஓட்டியதும் பெரும்பாலும் மண்ணும் கல்லும் நிறைந்த சாலைகளில்தான். பின்னர்த் தார்ச்சாலைகள் பெருகின. பந்தய வண்டிகளின் டயர்கள் மெலிந்தன.

இந்நூற்றாண்டில் காற்றுத் திசை மாறிற்று. 2006இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 200 மைல் தொலைவுச் சரளைப் பந்தயம் ஒன்று தொடங்கிற்று. 2022இல் இத்தாலியின் வெனட்டோ மாநிலத்தில் முதல் உலகச் சரளைப் போட்டி நடைபெற்றது. மோட்டார் வண்டிகளின் நெரிசலுக்கு அஞ்சியவர்கள் ஆற்றங்கரைகளையும் காட்டுப் பாதைகளையும் நாடியதும் இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணம்.

கற்கள் வந்த வழி

டூன் பள்ளத்தாக்கு சுமார் 75 கிலோமீட்டர் நீளமும் சுமார் 20 கிலோமீட்டர் அகலமும் உடையது. வடக்கே முசூரி மலைத்தொடர், தெற்கே சிவாலிக் குன்றுகள், தென்கிழக்கே கங்கை, வடமேற்கே யமுனை. டேராடூன் நகரை ஒட்டிய மேட்டு நிலமே நீரைப் பிரிக்கும் வரம்பு. அதற்கு மேற்கே பெய்த மழை அசன் ஆற்றின் வழியே யமுனையில் சேரும். கிழக்கே பெய்தது சோங் ஆற்றின் வழியே கங்கையில் சேரும். பக்கத்துப் பக்கத்து வீடுகளின் கூரையில் விழுந்த இரு துளிகள் பிரிந்து சென்று, பிரயாகையில்தான் மறுபடி சந்திக்கின்றன!

இப்பள்ளத்தாக்கின் மேற்பரப்பில் பெரும்பகுதியும் சரளைப் படிவமே. நில நூலார் இதனை ‘டூன் சரளை’ என்றே பெயரிட்டு வழங்குவர். மலையிலிருந்து விரைந்து இறங்கும் ஓடை, சமநிலத்தை அடைந்ததும் வேகம் குன்றி, சுமந்துவந்த கற்களை விசிறி வடிவில் பரப்பிவிடுகிறது. முதலில் பெருங்கற்கள் நிற்கும், அடுத்துச் சிறுகற்கள், கடைசியில் மணலும் வண்டலும். ஆகவே மலையடியிலிருந்து பள்ளத்தாக்கின் நடுவை நோக்கிச் செல்பவன் கரடான பாதையிலிருந்து மெல்லிய பாதைக்கு இறங்குகிறான். இது தற்செயல் அன்று. நீர் செய்த சல்லடை வேலை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. முசூரி மலையிலிருந்து வந்த சுண்ணக்கல்லும் பலகைக்கல்லும் நெடுந்தொலைவு உருளாதவை. பெரும்பாலும் கூர்முனை உடையவை. சிவாலிக் குன்றுகளிலிருந்து வந்த கூழாங்கற்களோ பழைய ஆறுகள் உருட்டி உருட்டித் தேய்த்தவை. கூர்முனைக் கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்; பாதை இறுகும்; ஆனால் டயரைக் கிழிக்கும். உருண்டைக் கற்கள் டயரைக் கிழிப்பதில்லை. ஆனால் சக்கரத்தின் கீழே தாமும் உருளும். ஆதலின் வடகரையில் டயரைக் காக்க வேண்டும். தென்கரையில் ஓட்டுபவன் தன்னைக் காக்க வேண்டும்.

சக்கரமும் காற்றும்

காற்றை இறுக அடைத்தால் வண்டி எளிதாக ஓடும் என்பது நம் ஊர்ச் சைக்கிள் கடையில் கற்ற பாடம். தார்ச்சாலையில் இது பெரிதும் உண்மை. சரளையில் அன்று. காரணம் காண்போம்.

ஆளும் வண்டியுமாக எடை 90 கிலோ என்க. பின் சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 50 கிலோ விழும். டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ எனின், தரையைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 2½ கிலோவாகக் குறைத்தால் பரப்பு 20 ஆகும். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் ஏறி இறங்குகிறது. அதனோடு நம் உடலும் தூக்கிப் போடப்படுகிறது. அங்ஙனம் தூக்குவதற்கான ஆற்றல் நம் கால்களிலிருந்தே செலவாகிறது. தளர்ந்த, அகன்ற டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, உடல் குலுங்குவதில்லை. மிகத் தளர்த்தினாலும் தீங்குண்டு: விளிம்பு கல்லில் மோதி உள்டியூப் நசுங்கும். ஆகவே நடுவழியே நல்வழி.

அப்படியும் சரளை நம் உழைப்பை மிகுதியாகவே கேட்கும். நல்ல தார்ச்சாலையில் உருளுதடை எடையில் ஆயிரத்தில் 5 பங்கு என்றும், இறுகிய சரளையில் 12 பங்கு என்றும் கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், இத்தடையை வெல்ல மட்டும் முன்னதில் 22 வாட்டும் பின்னதில் 53 வாட்டும் தேவை. தார்ச்சாலையின் கணக்கில் நேரம் குறித்துப் புறப்படுபவர் காட்டிலேயே இருட்டிவிடக் காண்பர்.

இங்கே நம் மாணவர்க்கு ஒரு நற்செய்தி. சரளைப் பயணத்திற்கென விற்கும் வண்டிகளின் விலை நம் கைக்கு எட்டாதது. ஆனால் அவற்றின் டயர் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவே. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய நம் நாட்டுக் கறுப்புச் சைக்கிளின் டயர் 1½ அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர்! எடை மிகுதி, பல்சக்கர மாற்றம் இல்லை என்பன குறைகளே. எனினும் சரிவு மெல்லிதான பள்ளத்தாக்கில் அவை பெருங்குறைகள் அல்ல. பிரேக் கட்டைகளை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வளைவும் நிறுத்தமும்

உலர்ந்த தாரில் உராய்வெண் சுமார் 0.8, உதிர்சரளையில் அதில் பாதியே எனக் கொள்ளலாம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சறுக்காமல் திரும்பக்கூடிய வேகம் தாரில் மணிக்கு 32 கிலோமீட்டர், சரளையில் 22. நிறுத்தத்தின் கணக்கும் இதுவே. மணிக்கு 18 கிலோமீட்டரில் சென்றால், பிரேக் பிடித்தபின் சரளையில் 3 மீட்டருக்குச் சற்று மிகுந்து நிற்கலாம். 36 ஆனால் 13 மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கு. தொலைவு நான்கு மடங்கு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்; வளைவினுள் முன் பிரேக்கைத் தொடலாகாது.

சில இடங்களில் பாதை, வண்ணாரின் துவைபலகை போல அலை அலையாக இருக்கும். 2007இல் டொரான்டோ பல்கலைக்கழகத்து ஸ்டீபன் மாரிசும் அவர் கூட்டாளிகளும் சுழலும் மணற்தட்டின்மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டு இதனை ஆராய்ந்தனர். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சமமான மணலில் தாமாகவே அலைகள் எழுகின்றன. அதற்குக் கீழே எழுவதில்லை. அலையைப் படைப்பது விரைந்து செல்லும் மோட்டார் வண்டியே.

ஒரு வழி

டேராடூன் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரம். மேற்கே அசன் அணைக்கட்டு ஏறத்தாழ 400 மீட்டர். இடைத்தொலைவு சுமார் 40 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 6 மீட்டர் மட்டுமே இறக்கம். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செல்லலாம். ஜாஜ்ராவின் காடு, சகஸ்பூரின் வயல்கள், திம்லியின் சால்வனம் ஆகியன இவ்வழிக்கு அருகே உள்ளவை. சால மரம் நமக்குப் புதியதன்று. வான்மீகியார் சாலம் என்று கூறிய மரங்களையே கம்பர் மராமரம் என்றார். இராமன் ஓர் அம்பால் துளைத்த ஏழும் அவையே. அசன் நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில், சுர்க்காப் என ஊரார் அழைக்கும் செம்பழுப்பு வாத்துகள் வந்து தங்கும். 2020இல் அது உத்தராகண்டின் முதல் ராம்சார் ஈரநிலமாயிற்று.

எங்கே நிற்பது?

இப்பகுதியில் ஆண்டின் பெரும்பாகம் வறண்டு கிடக்கும் ஓடையை ‘ராவ்’ என்பர். நம் மொழியில் காட்டாறு. அகன்று வெண்மையாய்க் கிடக்கும் அதன் படுகை, ஓட்டுபவனுக்கு ஆசை காட்டும். நீர் இல்லாமைக்குக் காரணம், அது சரளைக்குள் இறங்கி நிலத்தடியே ஓடுவதுதான். மலையில் பெருமழை பெய்தாலோ சரளை உறிஞ்சும் அளவைக் கடந்து வெள்ளம் திடீரெனப் பாயும். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்தே இருக்கலாம். 2025 செப்டம்பர் நடுவில் பெய்த பெருமழையால் தோன்ஸ் ஆற்றில் வந்த வெள்ளத்தில் பலர் உயிரிழந்தனர். ஆதலின் மழைக்காலத்தில் ராவ்களில் இறங்கலாகாது. வடக்கு மலைமீது கருமேகம் காணின், நீர் கலங்கி வரின், அக்கரையில் நம் விடுதியே இருந்தாலும் இக்கரையிலேயே நிற்க வேண்டும். முழங்கால் ஆழ நீர்தானே என்பது ஏற்கத்தகாத வாதம். ஓடும் நீரின் விசை வேகத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். காலின் கீழுள்ள சரளையும் அதனோடு நகரும்.

சோங், சுஸ்வா ஆறுகளின் பக்கம் யானைகளின் நாடு. 1983இல் தேசியப் பூங்காவாகி, 2015இல் புலிகள் காப்பகமான அக்காட்டின் பெயர் ராஜாஜி. நம் மூதறிஞரின் பெயரை இமய அடிவாரக் காடு தாங்கி நிற்பது நமக்குப் பெருமையே. அப்பெருமைக்கு நாம் செய்யும் மரியாதை, அதன் எல்லைக்கு வெளியே மிதிவண்டியை ஓட்டுவதாகும். பிற காப்புக் காடுகளிலும் வனத்துறையின் அனுமதி பெற்றே நுழைக. மோட்டார் வண்டிக்கு ஓசை உண்டு, மிதிவண்டிக்கு இல்லை. வளைவில் யானை நம்மை அறியுமுன் நாம் அதன் அருகே போய்விடக்கூடும். விடியலிலும் அந்தியிலும் காட்டோரம் செல்லாதீர்கள். வளைவுகளில் மணியை அடியுங்கள்.

இறுதியாக ஒன்று. முசூரி மலையில் சுண்ணக்கல் வெட்டியதால் ஓடைகள் அடைபட்டு, ஊற்றுகள் வற்றின. மக்கள் வழக்காடினர், 1985இல் உச்ச நீதிமன்றம் பல சுரங்கங்களை மூடச் செய்தது. சரளை வெறும் கல் அன்று. நாம் விடுதியில் குடிக்கும் நீரை வடித்துச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி அது. இரண்டாண்டுகள் இங்கே படித்துவிட்டு, நூலகமும் ரயில் நிலையமும் மட்டுமே கண்டு ஊர் திரும்புவோர் நம்முள் பலர். குளிர்கால ஞாயிறு ஒன்றில், இருவர் மூவராக, பஞ்சர் ஒட்டும் பசையும் பம்பும் இரு புட்டி நீரும் எடுத்துக்கொண்டு அசன் கரைக்குப் புறப்படுங்கள். டயரில் காற்றைச் சற்றே குறைத்துக்கொள்ள மறவாதீர்கள்.