கூட்டாகப் பாட்டு போடுகிறீர்களா? ‘தி மிடில்’ சொல்லும் ஐந்து பாடங்கள்

2018-இல் வெளியான ‘தி மிடில்’ எலக்ட்ரோபாப் பாட்டில் மூன்று பெயர்கள் முன்னால் நிற்கின்றன: இசைத் தயாரிப்பாளர் ஸெட், கிரே இரட்டையர், பாடகி மாரன் மோரிஸ். பாட்டை எழுதியவர்கள் பட்டியலிலோ ஏழு பேர். இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலையிலிருந்து, இசைத்துறையில் கால் வைப்பவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

1. டெமோவுக்குத் தனியாகப் பேசுங்கள்

ஆஸ்திரேலியப் பாடலாசிரியர் சாரா ஆரன்ஸ், மான்ஸ்டர்ஸ் அண்ட் ஸ்டிரேஞ்சர்ஸ் குழுவோடு சேர்ந்து உருவாக்கிய பாட்டு இது. டெமோ பாடியவரும் அவரே. ஆனால் வெளியான பாட்டின் முதன்மைக் குரல் மோரிஸுடையது. இந்தத் தொழிலில் இது வழக்கம். டெமோ பாடுவதற்கான ஊதியம், அந்தக் குரலைப் பயன்படுத்தும் உரிமை இரண்டையும் ஒலிப்பதிவுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

2. பேரைவிடப் பொருத்தம் முக்கியம்

டெமி லவாட்டோ, கமிலா கபேயோ உட்படப் பத்துக்கும் மேற்பட்ட பாடகிகள் இதைப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் வாய்ப்பு கிடைத்தது கன்ட்ரி இசைப் பாடகியான மோரிஸுக்கு. தேர்வு செய்பவர் நீங்கள் என்றால், வேறு இசைவகைக் குரல்களையும் கேளுங்கள். நிராகரிக்கப்பட்டவர் நீங்கள் என்றால், அதைத் திறமைக்கு விழுந்த அடியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. பங்கை அன்றைக்கே எழுதிவிடுங்கள்

பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், டிராக் செய்தவர் ஆகியோருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்து, எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பும் போகும், பணமும் முடங்கும்.

4. வெளியீட்டுக்கு மேடை தேடுங்கள்

ஜனவரி 23-இல் பாட்டு வந்தது. ஐந்தே நாளில், கிராமி விழா ஒளிபரப்பின் இடையே டார்கெட் கடைத்தொடரின் விளம்பரமாகப் பல லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விளம்பரத்தில் சேர்க்க, பாட்டின் உரிமையாளர், ஒலிப்பதிவின் உரிமையாளர் இருவரின் சம்மதமும் வேண்டும். பங்குத்தாள் தயாராக இருந்தால் இப்படிப்பட்ட வாய்ப்பு கை நழுவாது.

5. வரவேற்பை ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்

அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் பாட்டு 5-ஆம் இடம்வரை ஏறியது. 2019 கிராமியில் மூன்று பரிந்துரைகள் வந்தன, விருது ஒன்றுமில்லை. ஆனாலும் மோரிஸின் குரல் கன்ட்ரி வட்டத்தைத் தாண்டிப் பாப் ரசிகர்களிடம் சேர்ந்தது. அந்த மூன்றில் ஒன்றான ‘ஆண்டின் சிறந்த பாடல்’, பாட்டு எழுதியவர்களுக்கான விருது. முதன்மைக் குரலாக ஒலிக்காத சாரா ஆரன்ஸின் பெயர் அங்கே இடம்பெற்றது, பாடலாசிரியர் பட்டியலில் அவர் இருந்ததால்தான். உங்கள் அடுத்த பாட்டைப் பதிவேற்றும்முன், உங்கள் பெயர் பட்டியலில் பிழையின்றி இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.