காந்திகிராமம்

திண்டுக்கல்லினின்று மதுரைக்குச் செல்லும் வழியில், சிறுமலைக்கு மேற்கே அமைந்துள்ளது காந்திகிராமம். அம்பாத்துரையும், நெசவுக்குப் பேர்போன சின்னாளபட்டியும் அதன் அண்டை ஊர்கள். நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றின் தோற்றத்தை ஆண்டு குறித்துக் கூறுவார் இலர். இவ்வூரோ 1947ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள் தோன்றியது. நாடு விடுதலை பெற்று இரண்டு திங்களும் நிறையாத காலம் அது.

அதற்கு முன்னைய ஆண்டில் காந்தியடிகள் தமிழகத்திற்கு வந்தார். அவர் சென்ற புகைவண்டி அம்பாத்துரையில் நின்றபோது, சுற்றுப்புற மக்கள் திரளாகக் கூடி அவரைக் கண்டனர். அவ்விடத்தின் அருகிலேயே அவர் பெயரால் ஓர் ஊர் எழுந்தது.

அதனை நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் ஆவர். சௌந்தரம் அம்மையார், செல்வர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் திருமகள், இளமையிலேயே கைம்மையுற்றவர். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் ஒடுங்கியிருத்தலே முறையெனக் கருதிய அந்நாளில், அவர் டில்லி சென்று மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். சாந்திநிகேதனத்தில் கற்றவரும் காந்தியடிகளின் தொண்டருமான இராமச்சந்திரனை 1940இல் மணந்தார்.

செல்வமும் கல்வியும் உடைய அம்மையார், நகரில் மருத்துவம் செய்து பொருளீட்டியிருத்தல் கூடும். அவரோ சிற்றூர்ப் பெண்களின் மகப்பேற்றுத் துன்பத்தையே தம் துன்பமாகக் கொண்டார். சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளுடன் அவர் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகட்கும் மகளிர்க்கும் இல்லங்கள் எழுந்தன. நூற்றலும் நெசவும் பிற கைத்தொழில்களும் பலர்க்குப் பிழைப்பளித்தன. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் பிறந்தது. 1976இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1959இல் அமெரிக்க நீக்ரோ மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் இங்கு வந்து தங்கினார்.

மாணவர்களே! தம் பெயர் தாங்கிய இவ்வூரைக் காந்தியடிகள் கண்டிலர். ஊர் தோன்றிய நான்கு திங்களுக்குள் அவர் மறைந்தார். எனினும் தொண்டு தளரவில்லை. தலைவரைப் போற்றுதல் எளிது. அவர் கண்காணாத இடத்தும் அவர் விரும்பிய பணியைச் செய்தல் அரிது. அவ்வரிய செயலே இவ்வூரின் வரலாறு. நும் ஊரிலும் ஒரு கிணறோ, பள்ளியோ, சாலையோ எவருடைய உழைப்பால் அமைந்தது என முதியோரிடம் கேட்டறிமின். அவ்வுழைப்பைத் தொடர்தல் நும் கடன்.