கச்சித் தலங்களும் தேசிகன் துதிகளும்

ஸ்வாமி தேசிகன் திருவவதாரம் செய்தருளியது 1268-ஆம் ஆண்டில், கச்சிமாநகரைச் சேர்ந்த தூப்புலில். திருவரங்கம், திருவஹீந்திரபுரம் முதலிய திவ்யதேசங்களில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்து பல கிரந்தங்களை அருளிச்செய்தவராயினும், பிறந்த ஊரைப் பாடும்போது அவருடைய வாக்கில் ஒரு தனி வாஞ்சை தோன்றுகிறது. ஹம்ஸ ஸந்தேசத்திலே, ஸ்ரீராமபிரானுக்காக இலங்கைக்குத் தூது செல்லும் அன்னத்தையும் அவர் அத்திகிரி வழியாகவே அனுப்பிவைக்கிறார்.

தாமரைக் கண், கார்முகில் வண்ணம், சங்கு சக்கரம் என்று அடுக்கிச் செய்யும் துதி எந்த ஸந்நிதிக்கும் பொருந்தும். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். இக்காலத்தில் அச்சாகி வரும் துதிகளில் பல இவ்வகையினவே. தேசிகன் துதிகளோ இடம் பெயர்க்க இயலாதவை. அந்தந்தத் தலத்தின் பெயரும், வரலாறும், அங்குள்ள ஆறும் மலையுமே அவருக்குப் பாட்டின் வித்தாக அமைந்தன. கச்சியில் ஒரு பொழுதிலேயே நடந்து ஸேவிக்கக்கூடிய சில ஸந்நிதிகளைக் கொண்டே இதனை அறியலாம்.

முதலில் தல வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். நான்முகன் ஸரஸ்வதியை விலக்கிக் கச்சியிலே அசுவமேத வேள்வி தொடங்கினான். சினங்கொண்ட கலைமகள் வேள்விச்சாலையை இருளால் மூடுவித்தாள்; எம்பெருமான் விளக்கொளியாய்த் தோன்றி இருளை அகற்றினான். பின்னர் அவள் ஏவிய கொடியோரை எட்டுத் திருக்கரங்களுடன் எதிர்த்து நின்றான். முடிவில் அவளே வேகவதி என்னும் பேராறாய்ப் பெருகிவர, அவ்வெள்ளத்தின் குறுக்கே அணையாய்ப் பள்ளிகொண்டான். அதன் பின்னரே வேள்வித் தீயினின்று அத்திகிரியில் பேரருளாளனாய் அவதரித்தான். இக்கதை முழுவதையும் தேசிகன் 'மெய்விரத மான்மியம்' என்று தமிழிலேயே பாடியுள்ளார்.

வடமொழித் துதிகளிலோ கதையைத் திரும்பச் சொல்வதைக் காட்டிலும், ஒவ்வொரு ஸந்நிதியிலும் அதற்கே உரிய ஒரு பொருளைப் பற்றிக்கொள்கிறார். தூப்புல் பெருமான் தீபப்பிரகாசன். ஆகவே அவன் திருமுன்பு பாடிய துதி 'சரணாகதி தீபிகை' ஆயிற்று. சரணாகதி சாஸ்திரத்தை விளக்கிக் காட்டும் நூலுக்கு விளக்கொளி எம்பெருமானே பெயரளித்தான் எனலாம். அட்டபுயகரத்தில் எட்டுத் திருக்கரத்தானுக்கு அஷ்டகம். இவ்விரண்டிலும் பொருத்தம் எளிதில் புலப்படும்.

வேளுக்கை அவ்வாறன்று, சற்று நின்று நோக்கத்தக்கது. வேள் என்பது விருப்பம். எம்பெருமான் விரும்பி உறையும் இருக்கை, வேளிருக்கை; அதுவே வேளுக்கை என மருவிற்று. வடமொழியில் அதே பொருளில் 'காமாஸிகை' என்று வழங்கும். அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு எழுந்தது காமாஸிகாஷ்டகம். அதன் தொடக்கத்திலேயே ஒரு சொல்நயம் காணலாம். 'உத்தரம்' என்றால் பிற்பகுதி என்றும் வடக்கு என்றும் இருபொருள்படும். இந்த அற்புதச் சிங்கம் வேதத்தின் உத்தர பாகமாகிய உபநிஷத்துக்களிலும், வேகவதியின் தக்ஷிண பாகமாகிய தென்கரையிலும் விரும்பி வாழ்கிறது என்கிறார் ஆசார்யர். ஒரே மூச்சில் வடக்கும் தெற்கும், வேதாந்தமும் ஆற்றங்கரையும் இணைந்துவிடுகின்றன. அகராதியைக் கொண்டு இதன் பொருளை அறியலாம். ஆயினும் அழகியசிங்கர் ஸந்நிதியில் நின்று, ஆறு எத்திசையில் உள்ளது என்று வினவி அறிந்தவனுக்கே இதன் சுவை முழுதும் சித்திக்கும்.

இதனினும் ஆழமானது திருவெஃகாவில் அருளிய வேகாஸேது ஸ்தோத்திரம். ஸேது என்றால் அணை. யதோக்தகாரி என்றும் சொன்னவண்ணஞ்செய்த பெருமாள் என்றும் திருநாமங்கள் இருக்க, திருமழிசையாழ்வார் சொற்படி பைந்நாகப் பாயைச் சுருட்டி எழுந்து பின்தொடர்ந்த அரிய வரலாறும் அத்தலத்துக்கே உரித்தாயிருக்க, தேசிகன் துதியின் பெயருக்கு அணையையே தேர்ந்தெடுத்தார். அதன் காரணத்தை முதல் சுலோகமே உணர்த்துகிறது. வேகவதியின் நடுவிலும் அத்திகிரியின் மேலும் விளங்குவது ஒரே பரஞ்சுடர். ஆற்றிடையில் அது உபாயம், மலைமேல் அதுவே பலன். வெள்ளத்தைக் கடக்க உதவுவது அணை. கடந்தவன் சென்றடைவது மலை. எம்பெருமானே வழியும் பேறும் ஆகிறான் என்னும் ஸம்பிரதாய ஸாரத்தை, திருவெஃகாவிலிருந்து அத்திகிரிக்குச் செல்லும் வழியாகவே வரைந்து காட்டிவிட்டார். நூல்கள் பல கற்றும் விளங்காத இத்தத்துவம் ஊரறிந்த ஒருவனுக்கு ஒரு நடையில் விளங்கும். (இன்று வேகவதியில் வெள்ளம் காண்பது அரிது. ஆகவே ஸேவார்த்திகள் வெள்ளத்தை மனத்தில் நிரப்பிக்கொண்டே அணையை ஸேவிக்க வேண்டியிருக்கிறது.)

ஊரைப் பிரிந்திருந்தபோதும் ஊரே பாட்டாயிற்று. 1323-இல் தில்லிப் படையெடுப்பால் திருவரங்கம் நிலைகுலைந்தது. நம்பெருமாள் வெளியூர்களுக்கு எழுந்தருள நேர்ந்தது. தேசிகனும் கருநாட்டுப் பக்கம் சென்று தங்கினார். அங்கே இருந்துகொண்டு, அரங்கநகரின் அச்சம் தீர வேண்டும் என்று வேண்டிப் பாடியதே அபீதிஸ்தவம் என்பது பெரியோர் கூற்று. அதில் தலத்தின் அழகைக் கண்டு மகிழும் கண் இல்லை. அதை மீண்டும் காணத் துடிக்கும் நெஞ்சமே உள்ளது.

கச்சியின் உற்ஸவ காலத்து ஒலியும் அவர் செவிக்குத் தப்பவில்லை. பேரருளாளன் வீதியில் எழுந்தருளும்போது முன்னே திருச்சின்னம் ஊதுவர். அதைக் கேட்டுப் பிறந்த தமிழ்ப் பிரபந்தம் 'திருச்சின்னமாலை'. பலருக்கு அது கூட்டத்தை விலக்கும் ஊதுகுழலோசை; தேசிகனுக்கோ, வேதம் போற்றும் வரதன் இதோ வருகிறான் என்னும் அறிவிப்பு. வைகாசிப் பெருவிழாவில் காஞ்சி செல்லும் அன்பர்கள், அப்பாசுரங்களை முன்னரே ஓதிக்கொண்டு சென்றால், திருவீதி முனையில் அந்த ஓசை எழும்போது அது என்ன சொல்கிறது என்று எவரையும் கேட்க வேண்டியிராது.